ஓடிசி வண்டிக்கு அனுமதியும் வழியும்: எதைக் கணினியிடம் கொடுப்பது, எதைக் கொடுக்கக் கூடாது

எண்ணூர், காட்டுப்பள்ளி, சென்னைத் துறைமுகம் என்று மூன்று வாசல்களிலிருந்தும் ஓடிசி எனப்படும், சாதாரண அளவு வரம்பை மீறிய பெரிய சுமைகளைக் (ஓவர் டைமென்ஷனல் கார்கோ) கிளப்பும் ஓர் அலுவலகத்தில் பெர்மிட் வேலை பார்க்கிறேன். டிரான்ஸ்ஃபார்மர், பாய்லர் டிரம், காற்றாலை இறக்கை, சுத்திகரிப்பு ஆலைக்கான பெரிய பாத்திரங்கள், இவைதான் எங்கள் சரக்கு. புதிதாகச் சேரும் பையன்கள் முதல் நாளே அனுமதிக்கான அரசு இணையதளத்தை, அதாவது போர்ட்டலைத் திறந்து விண்ணப்பத்தை நிரப்ப ஆரம்பித்துவிடுவார்கள். உண்மையில் அது ஏழாவது வேலை. முதல் ஆறையும் முடிக்காமல் அங்கே போனால், அனுமதி கையில் வந்த பிறகும் வண்டி ஏதாவது ஒரு பாலத்தடியில் நிற்கும்.

கீழே இருக்கும் வரிசையைத்தான் நாங்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கணினிக்கு மாற்றினோம். எந்த இடத்தில் மனிதக் கண் வேண்டும் என்பதையும் அங்கங்கே சொல்லியிருக்கிறேன்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு விரிதாளில் மூன்று அட்டவணைகள் போதும். முதலாவது வண்டிகள்: புல்லர் (இழுக்கும் வண்டி), லோபெட் (தாழ்மேடை டிரெய்லர்), ஹைட்ராலிக் ஆக்சில் (மேடையை ஏற்றி இறக்கக்கூடிய பல வரிசை டிரெய்லர்) ஒவ்வொன்றின் பதிவெண், காலி எடை, மேடை உயரம், ஆக்சில் இடைவெளி, எஃப்சி (வண்டியின் தகுதிச் சான்று), இன்சூரன்ஸ், வரி முடியும் தேதிகள். இரண்டாவது சுமைகள். மூன்றாவது முட்டுப் பட்டியல், அதாவது வழியில் வண்டி முட்டவோ சிக்கவோ கூடிய இடங்கள். இதைப் பற்றித்தான் கீழே அதிகம் பேசப் போகிறேன்.

மென்பொருளில் வால்ஹல்லா என்ற, வழி போட்டுத் தரும் இலவச ரூட்டிங் எஞ்சினும், வரைபடம் பார்க்க க்யூஜிஐஎஸ்ஸும், இரண்டையும் இணைக்கச் சிறு பைத்தான் நிரல்களும் வைத்திருக்கிறோம். வரைபடத் தரவு ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பிலிருந்து வருகிறது. காசு கொடுத்து வாங்கும் மென்பொருளும் உண்டு. ஆனால் காலடிப்பேட்டையில் கடைக்காரர் போன மாதம் போட்ட தகரக் கூரை எந்த மென்பொருளிலும் இருக்காது.

வண்டி அட்டவணையில் தேதிகளைச் சரிபார்க்கும் நிரலை முதலில் எழுதுங்கள், அதுதான் சுலபம். புதியவர்கள் அதிலும் ஒன்றைத் தவறவிடுகிறார்கள்: விண்ணப்பிக்கும் நாளில் எஃப்சி செல்லுபடியா என்று பார்க்கிறார்கள். வண்டி போய்ச் சேரும் நாளுக்குப் பின்னும் இரண்டு வாரம் செல்லுபடியா என்று பார்க்க வேண்டும். ஓடிசி ஓட்டம் சொன்ன நாளில் முடிந்ததாக எனக்கு நினைவில்லை.

2. சுமையை நேரில் அளந்த பிறகே கணினி

பேக்கிங் லிஸ்ட்டில் இருக்கும் அளவை அப்படியே தட்டச்சு செய்யாதீர்கள். ஒருமுறை ஒரு பார்ட்டி அனுப்பிய வரைபடத்தில் உயரம் 3.95 மீட்டர். அதை நம்பி வழி போட்டோம். நள்ளிரவில் ஒரு மேம்பாலத்துக்கு முன்னால், வழிகாட்டிப் போகும் பைலட் வண்டி நின்றுவிட்டது. டார்ச் அடித்துப் பார்த்தால் மூடிக்கு மேலே நான்கு தூக்குக் காதுகள், ஒவ்வொன்றும் 18 சென்டிமீட்டர். வரைந்தவர் தொட்டியை மட்டும் வரைந்திருந்தார். அன்று விடியும் வரை வண்டியைப் பின்னுக்கு எடுத்துக்கொண்டிருந்தோம்.

அதனால் இப்போது சுமை அட்டவணையில் "அளந்தவர்", "அளந்த தேதி", "புகைப்படம்" என மூன்று கட்டங்கள். மூன்றும் நிரம்பாத சுமையை நிரல் அடுத்த படிக்கு விடாது.

எடையில் வரும் குழப்பம் வேறு வகை. நிகர எடை, மொத்த எடை, பயண எடை மூன்றும் மூன்று எண்கள். டிரான்ஸ்ஃபார்மரைப் பெரும்பாலும் எண்ணெயை வடித்து, ரேடியேட்டரையும் புஷ்ஷிங்கையும் கழற்றித்தான் கொண்டுபோவோம். நேம் பிளேட்டில் எண்ணெயோடு சேர்ந்த மொத்த எடை பெரிதாகக் கண்ணில் படும், பயண எடை தனி வரியில் இருக்கும். பெரிய எண்ணை எடுத்தவர் தேவையில்லாமல் நான்கு ஆக்சில் கூட்டிக் கேட்பார். சுமையின் ஈர்ப்பு மையம் எங்கே என்பதையும் வரைபடத்திலிருந்து குறித்துக்கொள்ளுங்கள், அது நடுவில் இருக்கும் என்று நினைக்காதீர்கள்.

3. ஆக்சில் கணக்கு

இது முழுக்கக் கணினியிடம் கொடுக்கக்கூடிய வேலை. 2018 ஜூலையில் மத்திய அரசு ஆக்சில் எடை வரம்புகளைத் திருத்தியது. நான்கு டயர் கொண்ட ஒற்றை ஆக்சிலுக்கு 11.5 டன், இரட்டை ஆக்சிலுக்கு 21 டன், மூன்று ஆக்சில் சேர்ந்ததற்கு 27 டன், எட்டு டயர் கொண்ட ஹைட்ராலிக் ஆக்சில் வரிசைக்கு 18 டன். சாதாரண டிரெய்லருக்கு மொத்த உச்சம் 55 டன். அதற்கு மேல் என்றால் ஹைட்ராலிக் ஆக்சில்தான்.

ஓர் எடுத்துக்காட்டு. 98 டன் டிரான்ஸ்ஃபார்மர், கட்டுவதற்கும் அண்டக் கொடுப்பதற்கும் 3 டன், ஆக்சில் ஒரு வரிசையின் காலி எடை 4 டன் என்று வைப்போம். ஏழு வரிசை போட்டால் 98, 3, 28 சேர்ந்து 129 டன், வரிசைக்கு 18.4. வரம்பு தாண்டிவிட்டது. எட்டு வரிசை போட்டால் 133 டன், வரிசைக்கு 16.6. சரியாக வருகிறது.

பையன்கள் 98-ஐ ஏழால் வகுத்து 14 என்று எழுதிக்கொண்டு வருவார்கள். காலி எடையைச் சேர்க்க மறந்ததுதான் காரணம். ஒரு வரிசை கூட்டும்போது அதன் சொந்த எடையும் கூடுகிறது என்பதால் நிரல் ஒவ்வொரு எண்ணிக்கைக்கும் தனித்தனியாகக் கணக்கிட வேண்டும், ஒரே வகுத்தலில் முடியாது.

கணக்கு தப்பினால் என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்கு: மோட்டார் வாகனச் சட்டம் 194-வது பிரிவின்படி அதிக எடைக்கு 20,000 ரூபாய், அதோடு ஒவ்வொரு அதிக டன்னுக்கும் 2,000 ரூபாய். சுமை வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் தனியாக 20,000. அபராதம் கட்டினாலும் மிகுதியை இறக்கச் சொல்வார்கள். 98 டன் டிரான்ஸ்ஃபார்மரில் பாதியை மணலியில் இறக்க முடியாது.

4. முட்டுப் பட்டியல்

எங்கள் சீனியர் டிரைவர் ஒருவர் எனக்குச் சொன்னதிலிருந்துதான் இது பிறந்தது. நான் ஆசையாகப் போட்டுக் கொடுத்த வழியைப் பார்த்துவிட்டு, "தம்பி, மேப்ல ஹைட்டு எழுதலன்னா ஹைட்டே இல்லன்னு அர்த்தமா?" என்றார்.

ரூட்டிங் எஞ்சின் அப்படித்தான் நினைக்கிறது. வால்ஹல்லாவின் டிரக் அமைப்பில் உயரம், அகலம், நீளம், எடை, ஆக்சில் எடை எல்லாம் கொடுக்கலாம். ஆனால் அது சாலையில் எழுதியிருக்கும் வரம்போடுதான் ஒப்பிடும். வரம்பு எழுதாத பாலத்தை அது தடையே இல்லாத பாலமாக எடுத்துக்கொள்ளும். சென்னையின் பல பாலங்களுக்கு ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பில் உயரமும் இல்லை, எடை வரம்பும் இல்லை. எஞ்சின் பச்சைக் கோடு போட்டுக் கொடுக்கும். அதை நம்பி ஏமாந்தவர்களை எனக்குத் தெரியும், அதில் நானும் ஒருவன்.

அதனால் எங்கள் பட்டியலில் ஒவ்வொரு இடத்துக்கும் மூன்று நிலை: தாண்டும், தாண்டாது, தெரியாது. எஞ்சின் கொடுத்த வழியை எடுத்து, அந்தக் கோடு எந்தெந்தப் பாலம், மேம்பாலம், ரயில்வே கேட், உயர் அழுத்த மின்பாதை, நடைமேம்பாலம் ஆகியவற்றைத் தொடுகிறது என்று நிரல் ஒரு பட்டியல் எடுக்கும். நாங்கள் அளந்த எண் இருந்தால் ஒப்பிடும். இல்லையென்றால் "தெரியாது" என்று போடும். "தெரியாது" பூஜ்யம் ஆகும் வரை விண்ணப்பம் உருவாகாது. மொத்த ஏற்பாட்டிலும் உருப்படியான தானியங்கி வேலை இந்த ஒரு நிரல்தான்.

இதை எழுதும்போது எல்லோரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. உங்கள் சாலையே பாலமாக இருந்தால் கேள்வி எடை. உங்கள் சாலைக்கு மேலே வேறொரு சாலையோ தண்டவாளமோ பாலமாகப் போனால் கேள்வி உயரம். தரவில் இரண்டுக்கும் ஒரே "பாலம்" குறிதான். எந்தக் கோட்டில் அந்தக் குறி இருக்கிறது என்று பார்க்காமல் எழுதினால், மேலே போகும் பாலத்துக்கு எடை கேட்டுக்கொண்டும், கீழே தாங்கும் பாலத்துக்கு உயரம் கேட்டுக்கொண்டும் இருப்பீர்கள். கல்வெர்ட்டுகள் (சாலைக்கு அடியில் தண்ணீர் போகும் சிறு பாலங்கள்) பெரும்பாலும் வரைபடத்திலேயே இல்லை. கால்வாய் கோடு சாலைக் கோட்டை வெட்டும் இடமெல்லாம் கல்வெர்ட் என்று எடுத்துக்கொண்டால் கொஞ்சம் தப்பிக்கலாம்.

இனி அளப்பது. நகர்ப்புறத்தில் மேம்பாலத்தின் கீழ் 5.5 மீட்டர் இடைவெளி வேண்டும் என்பது, சாலை, பாலங்களுக்கு விதி வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸின் வடிவமைப்பு அளவு. கட்டிய நாளில் அப்படி இருந்திருக்கும். அதன் பிறகு மேலே மேலே தார் போட்டிருப்பார்கள். பலகையில் எழுதிய எண்ணை எடுக்காதீர்கள், சாலையின் இரு ஓரத்திலும் நடுவிலுமாக மூன்று இடத்தில் அளந்து, குறைந்ததை எழுதுங்கள்.

மின்கம்பிக்கு அருகே இரும்பு டேப்பையோ கம்பையோ தூக்கவே கூடாது. லேசர் மீட்டரால் மெல்லிய கம்பியைக் குறிபார்ப்பது கஷ்டம். தரையில் நின்றபடியே கம்பியின் உயரத்தைச் சொல்லும் அல்ட்ராசோனிக் கருவி இருக்கிறது, அதை வாங்குங்கள். அளக்கும் நேரமும் முக்கியம்: வெயிலிலும் சுமையிலும் கம்பி தொய்யும். காலை ஆறு மணிக்கு அளந்த கம்பி மதியம் அதே உயரத்தில் இருக்காது. நாங்கள் மதியம் இரண்டுக்கு மேல்தான் அளக்கிறோம்.

வடசென்னையில் எதை எதைப் பார்க்க வேண்டும் என்று ஒரு சுற்றுப் போய் வருவோம். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் 2021-இல் விம்கோ நகர் வரை மெட்ரோ திறந்த பிறகு, காலடிப்பேட்டை, தேரடிப் பக்கம் உயரத்தைவிட அகலம்தான் பிரச்சினை. ஒரு பக்கம் தூண், மறு பக்கம் கடைக் கூரை. மாசி மாதத் தேர் நேரத்தில் அந்தப் பக்கமே போகாதீர்கள். எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குக் காத்திருக்கும் கன்டெய்னர் டிரெய்லர்கள் ஓரத்தில் வரிசைகட்டி நிற்கும். வரைபடத்தில் இருக்கும் அகலம் இரவில் உங்களுக்குக் கிடைக்காது. அத்திப்பட்டு புதுநகர்ப் பக்கம் அனல்மின் நிலையத்தின் கன்வேயரும் சாம்பல் குழாய்களும். கும்மிடிப்பூண்டி ரயில் பாதையின் கேட்டுகளில் 25,000 வோல்ட் கம்பியும் அதற்குமுன் உயரத் தடுப்பும், அந்தத் தடுப்பு ஐந்து மீட்டருக்கும் குறைவு. எர்ணாவூர், மணலியின் உள்தெருக்களில் ஈபி கம்பிக்குக் கீழே கேபிள் டிவி, இன்டர்நெட் ஒயர்கள் ஊஞ்சல் மாதிரி தொங்கும். அவற்றைப் பட்டியலில் ஏற்றிப் பயனில்லை, வாராவாரம் மாறும். ஓட்டத்தின் முன்தினம் ஓர் ஆள் நேரில் போய்ப் பார்த்து வருவதுதான் வழி.

உயரக் கணக்கில் பாதுகாப்புக்காக விடும் இடைவெளியை, அதாவது கழிவை, எங்கள் வழக்கத்தில் 20 சென்டிமீட்டர் வைக்கிறோம். மேலே சொன்ன சுமையையே எடுங்கள்: தூக்குக் காதோடு 4.13, மேடை 1.15, அண்டக் கட்டை 0.10, மொத்தம் 5.38 மீட்டர். 5.5 மீட்டர் பாலத்தில் கழிவு போக இடிக்கும். ஹைட்ராலிக் ஆக்சிலின் மேடையைச் சுமார் 60 சென்டிமீட்டர் அளவுக்கு ஏற்றி இறக்கலாம் என்பதால் அந்த இடத்தில் 20 சென்டிமீட்டர் இறக்கிக் கடக்கலாம். நிரல் அதைத் "தாண்டும், இறக்கி" என்று தனி நிறத்தில் காட்டும், ஆக்சில் ஆபரேட்டரின் தாளிலும் அச்சாகும். இந்த 20 சென்டிமீட்டர் கான்கிரீட்டுக்கு மட்டும்தான். உயர் அழுத்தக் கம்பியைத் தொடாமலே மின்சாரம் பாயும். அங்கே எவ்வளவு தள்ளிப் போக வேண்டும் என்று ஈபிதான் சொல்ல வேண்டும், பெரும்பாலும் லைனை ஆஃப் செய்துதான் போவோம்.

5. வழியை எஞ்சினிடம் கேட்பது

பட்டியல் ஓரளவு தயாரான பிறகு இது ஐந்து நிமிட வேலை. வால்ஹல்லாவில் நீங்கள் உயரம் கொடுக்காவிட்டால் அதுவே 4.11 மீட்டர் என்று எடுத்துக்கொள்ளும், எடை 21.77 டன். ஒரு மதிப்பையும் காலியாக விடாதீர்கள். "தாண்டாது" என்று குறித்த இடங்களை விலக்கும் புள்ளிகளாகக் கொடுங்கள். ஒரே வழி கேட்காமல் மூன்று கேளுங்கள். எதில் "தெரியாது" குறைவோ அதைத்தான் நாங்கள் முதலில் அளக்கப் போவோம், எது குறுகிய தூரமோ அதை அல்ல.

காட்டுப்பள்ளியிலிருந்து தெற்கே போகும் சுமைக்கு எஞ்சின் அடிக்கடி மாதவரம் வழியாக உள்வட்டச் சாலையைக் காட்டும், தூரம் குறைவு என்று. மீஞ்சூரில் ஏறி வண்டலூர் வரை வெளிவட்டச் சாலையில் போனால் கிலோமீட்டர் கூடும், தொல்லை குறையும். எண்ணூர் துறைமுகத்திலிருந்து தச்சூர் நோக்கி எல்லைச் சாலை வேலை நடக்கும் பக்கத்தில் மாற்றுப்பாதைகள் திடீரென மாறுகின்றன. அந்தத் துண்டை மட்டும் நாங்கள் ஒவ்வொரு முறையும் புதிதாகப் பார்க்கிறோம்.

6. திருப்பங்கள்

எஞ்சினுக்குத் திருப்பம் என்பது ஒரு புள்ளி. உங்கள் வண்டிக்கு அது ஒரு மைதானம். ஆக்சில்கள் திரும்பாத சாதாரண டிரெய்லருக்கு ஒரு தோராயக் கணக்கு: வளைவின் ஆரத்தின் வர்க்கத்திலிருந்து வீல்பேஸின் (முன், பின் ஆக்சில்களுக்கு இடையிலான தூரம்) வர்க்கத்தைக் கழித்து வர்க்கமூலம் எடுங்கள், அதை ஆரத்திலிருந்து கழியுங்கள். ஆரம் 20 மீட்டர், வீல்பேஸ் 12 மீட்டர் என்றால் 400-இலிருந்து 144 போக 256, அதன் மூலம் 16. ஆக வண்டியின் பின்பக்கம் 4 மீட்டர் உள்வாங்கும். அந்த நாலு மீட்டரில் டீக்கடை இருக்கிறதா, டிரான்ஸ்ஃபார்மர் கம்பம் இருக்கிறதா என்று நேரில் பார்க்க வேண்டும்.

நிரல் இந்தக் கணக்கைப் போட்டு, சாலை அகலத்தை மீறும் திருப்பங்களை மட்டும் சிவப்பில் காட்டட்டும். பின் ஆக்சிலும் திரும்பும் வண்டிக்கும் காற்றாலை இறக்கைக்கும் இந்தச் சூத்திரம் ஒத்துவராது. இறக்கையின் நுனி வண்டிக்குப் பின்னால் நீண்டு வெளிப்பக்கமாக வீசும். அதைத் தடம் வரையும் மென்பொருளில் போடுங்கள், அல்லது அனுபவமுள்ள டிரைவரை அந்த முனைக்குக் கூட்டிப் போங்கள். நான் இரண்டையும் செய்கிறேன்.

7. சாலை யாருடையது என்று வெட்டி, அதன் பிறகு விண்ணப்பம்

இப்போதுதான் போர்ட்டல். வழிக் கோட்டை நிரல் உரிமையாளர்வாரியாகத் துண்டு போட வேண்டும். தேசிய நெடுஞ்சாலைத் துண்டுக்கு மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் ஆன்லைன் அனுமதி. மாநில நெடுஞ்சாலைக்கு மாநில நெடுஞ்சாலைத் துறை. மணலி, திருவொற்றியூர், தண்டையார்பேட்டை உள்சாலைகளுக்கு மாநகராட்சி. ரயில்வே கேட்டுக்கு ரயில்வே கோட்டம். கம்பிக்கு ஈபி. பந்தோபஸ்துக்குக் காவல்துறை. ஒரு துண்டுக்கு வாங்கிய அனுமதி பக்கத்துத் துண்டுக்குச் செல்லாது. 300 மீட்டர் மாநகராட்சிச் சாலையை விட்டுவிட்டு மற்ற எல்லாம் வாங்கிய கேஸ்கள் ஏராளம்.

காவல்துறையில் அடிக்கடி நடக்கும் தவறு: சென்னை ஆணையரகத்துக்கு மட்டும் எழுதுவது. 2022 முதல் ஆவடி தனி ஆணையரகம். செங்குன்றம், மீஞ்சூர்ப் பக்கம் அவர்கள் எல்லை. வண்டி வெளிவட்டச் சாலையில் வண்டலூரை நெருங்கினால் தாம்பரம். ஒரே இரவில் எல்லை மாறும்போது அடுத்த பக்கத்துப் பைலட்டுக்கு முன்கூட்டியே தகவல் போக வேண்டும்.

கடிதங்களை மெயில் மெர்ஜ் மாதிரி வார்ப்பிலிருந்து எடுக்கலாம். சுமை வரைபடம், ஆக்சில் எடைத் தாள், கிலோமீட்டர்வாரியான பாலப் பட்டியல், ஆர்சி, இன்சூரன்ஸ் எல்லாம் ஒரே கோப்பாக அதுவே கட்டிவிடும். ஒரு எண் ஒரே இடத்திலிருந்துதான் எல்லாத் தாளுக்கும் போக வேண்டும். ஒரு கடிதத்தில் 133 டன், இன்னொன்றில் 131 டன் என்று இருந்தால் இரண்டுமே திரும்பி வரும்.

போர்ட்டலில் நுழைந்து கேப்சாவையும் ஓடிபியையும் தாண்டும் ரோபோ மட்டும் எழுத வேண்டாம். ஒரு பையன் ஆர்வத்தில் ஆரம்பித்தான், நிறுத்தச் சொன்னேன். சமர்ப்பிப்பது நிறுவனத்தின் உறுதிமொழி. ஒரு மனிதர் படித்துப் பார்த்துத்தான் அந்தப் பொத்தானை அழுத்த வேண்டும். நிரப்ப வேண்டிய மதிப்புகளை வரிசையாகத் திரையில் காட்டினாலே முக்கால் நேரம் மிச்சமாகிறது.

கனமான சுமைகளுக்குப் பாலத்தில் போகும் விதமும் நிபந்தனையாக வரும். 20 ஆக்சில் டிரெய்லரோடு 385 டன் வரும் சிறப்பு வாகனத்துக்கு இந்தியச் சாலைக் காங்கிரஸின் விதி, மணிக்கு 5 கிலோமீட்டருக்கு மிகாமல், பாலத்தின் நடுவிலேயே, அதிகபட்சம் 30 சென்டிமீட்டர் விலகலோடு, பாலத்தில் வேறு வண்டி இல்லாதபோது போக வேண்டும் என்கிறது. இதை டிரைவர் தாளில் தமிழில் பெரிய எழுத்தில் அச்சிடுங்கள். ஆங்கில அனுமதியின் நான்காம் பக்கத்தை வண்டியில் யாரும் படிப்பதில்லை.

8. இ-வே பில்

சரக்கோடு போக வேண்டிய ஜிஎஸ்டி மின்னணுச் சீட்டு இது. சின்ன வேலைதான், அகப்பட்டால் பெரிய செலவு. வாகன வகையில் "சாதாரணம்", "ஓடிசி" என்று இரண்டு தேர்வு. சாதாரணத்துக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள், ஓடிசிக்கு 20 கிலோமீட்டருக்கு ஒரு நாள். 220 கிலோமீட்டர் ஓட்டத்துக்கு முதலாவதில் 2 நாள், இரண்டாவதில் 11 நாள் கிடைக்கும். கை தவறிச் சாதாரணத்தை அழுத்தினால் வண்டி சென்னையைத் தாண்டுவதற்குள் பில் காலாவதி. நீட்டிக்க முடியும், ஆனால் முடியும் நேரத்துக்கு முன் 8 மணி, பின் 8 மணி என்ற இடைவெளிக்குள் மட்டும். அந்த 16 மணி நேரம் திறக்கும்போது மூன்று பேருக்குச் செய்தி போகும்படி நிரல் வைத்திருக்கிறோம். ஒருவருக்கு மட்டும் வைத்திருந்த காலத்தில் அவர் தூங்கிப்போனார்.

9. ஓட்டத்தின் இரவும் மறுநாளும்

அனுமதித்த வழிக்கோட்டை ஜிபிஎஸ்ஸில் ஏற்றி, வண்டி 100 மீட்டர் விலகினால் எச்சரிக்கை வரும்படி வையுங்கள். அதைவிடக் குறைத்தால் மேம்பாலத்தடியில் சிக்னல் துள்ளும்போதெல்லாம் அலறும், அப்புறம் யாரும் கவனிக்க மாட்டார்கள். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் கிளம்பும் நேரத்தை ஒரு ஆள் பார்த்து உறுதி செய்த பிறகே பைலட்டுக்குச் செய்தி போகட்டும். மணலியில் தண்ணீர் நின்ற சாலையோரம் பார்வைக்குக் கெட்டியாக இருக்கும், ஆக்சில் ஏறினால் உள்வாங்கும்.

வண்டி சேர்ந்ததும் பைலட்டின் நோட்டை வாங்கி, அவர் குறித்த உயரங்களை அன்றே முட்டுப் பட்டியலில் ஏற்றுங்கள். இரண்டு நாள் கழித்தால் எந்தப் பாலம் என்று அவருக்கே நினைவிருக்காது. ஒவ்வொரு அளவுக்கும் காலாவதித் தேதி வைத்திருக்கிறோம்: கான்கிரீட் பாலத்துக்கு ஓராண்டு, மின்கம்பிக்கு மூன்று மாதம், மேலே தார் போட்டதாகத் தகவல் வந்தால் அன்றோடு காலாவதி. தேதி தாண்டிய அளவை நிரல் தானாகவே "தெரியாது" என்று மாற்றிவிடும். அடுத்த சுமைக்கு வழி கேட்கும்போது அந்த இடத்துக்கு மறுபடி ஆள் போக வேண்டியிருக்கும்.